பூஜ்யம் என்றால் பத்திரமா?



ஐ.டி. படிக்கும் தம்பி தங்கைகள் என்னைப் பார்த்தால் கேட்பது, "அண்ணா, ஹேக்கிங் எங்கே கத்துக்கலாம்?" என்றுதான். சர்வருக்கு அப்டேட் போடுவது எப்படி என்று இதுவரை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. தப்பு இல்லை, பார்ப்பதற்குச் சப்பென்று இருக்கும் வேலை அது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில் நான் வசமாக மாட்டிக்கொண்டது இந்தச் சப்பென்ற வேலையில்தான். இந்த மாதப் பாடம் அதுவே.

கைப்பேசியில் அப்டேட் வந்தால் ஒரு தட்டு தட்டுகிறோம், முடிந்தது. கம்பெனி சர்வர் அப்படி இல்லை. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ், சூசே போன்றவற்றைக் கம்பெனிகள் சந்தா கட்டி ஓட்டுகின்றன. அடிப்படையில் திறந்த மூல மென்பொருள்தான். நாம் காசு கொடுப்பது, பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்து, சோதித்து, வருஷக்கணக்கில் தொடர்ந்து அனுப்பிவைக்கும் வேலைக்கு. சந்தா முடிந்தால் அப்டேட் வராது. ஆனால் சர்வர் நிற்காது, பாருங்க! மின்சாரக் கட்டணம் கட்டாவிட்டால் விளக்கு அணைந்துவிடும், உடனே தெரியும். இங்கே விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

நான் சேர்ந்த இடத்தில் நூற்றுச் சொச்சம் லினக்ஸ் சர்வர்கள். ஒவ்வொன்றிலும் 'யம்' என்ற கருவியை ஓடவிட்டு, எத்தனை அப்டேட் பாக்கி என்று எண்ணி, எக்செல் தாளில் போட்டு மேனேஜருக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். பாக்கி அதிகம் என்றால் சிவப்பு, பூஜ்யம் என்றால் பச்சை. சம்பளக் கணக்கு ஓடும் சர்வர் ஒன்று மாதாமாதம் பச்சை. அந்த வரியைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும்.

ஏழாவது மாதம், எங்கள் குழுவின் மூத்த அக்கா ஒருவர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதே வெர்ஷன் ஓடுற மத்த சர்வருக்கெல்லாம் நாற்பது ஐம்பது பாக்கி இருக்கு. இதுக்கு மட்டும் எப்படி எப்பவும் பூஜ்யம்? இதுக்கு யாரு அப்டேட் போடுறா?"

யாரும் போடவில்லை. சந்தா முடிந்து மாதக்கணக்காகியிருந்தது. ரெட் ஹாட்டின் மென்பொருள் களஞ்சியங்கள் அந்தச் சர்வருக்கு மூடிக்கிடந்தன. எங்கள் கம்பெனியின் சொந்தக் களஞ்சியம் ஒன்று மட்டும் திறந்திருந்தது, அதில் புதிதாக எதுவும் இல்லை. ஆக, தனக்குத் தெரிந்த இடத்தில் புதிதாக ஒன்றுமில்லை என்று 'யம்' உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. சர்வருக்கு அப்டேட் கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கை வரியும் வரத்தான் செய்தது. எண்ணிக்கையை மட்டும் பிடிக்கும் என் ஸ்கிரிப்ட் அதைத் தூக்கி எறிந்துவிட்டது. எல்லா அப்டேட்டும் போட்ட சர்வருக்கும் பூஜ்யம், அப்டேட்டே கிடைக்காத சர்வருக்கும் பூஜ்யம். இரண்டுக்கும் நான் ஒரே பச்சையை அடித்துக்கொண்டிருந்தேன்.

சந்தாவைப் புதுப்பித்து, சனிக்கிழமை இரவு அப்டேட் போட்டு ரீபூட் செய்தோம். சர்வர் எழுந்தது, சம்பள மென்பொருள் எழவில்லை. யாரோ எப்போதோ அதைக் கையால் தொடங்கிவைத்துவிட்டு, தானாகத் தொடங்கும்படி பதியாமல் போயிருக்கிறார். ஒரு வருஷத்துக்கு மேல் ரீபூட்டே பார்க்காத சர்வர், அதனால் யாருக்கும் தெரியவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தபோது விடியற்காலை மூன்று மணி. திங்கட்கிழமை சம்பளம் போட வேண்டும். அன்று எனக்குத் தொண்டைக்குள் தண்ணீர்கூட இறங்கவில்லை.

ரீபூட்டுக்குப் பயந்து தள்ளிப்போடுவதும் சரிவராது. கெர்னல் அப்டேட் வட்டில் இறங்கியிருக்கும், ஆனால் ரீபூட் செய்யும்வரை நினைவகத்தில் ஓடுவது பழைய கெர்னல்தான். தாளில் பச்சை, உள்ளே பழைய ஓட்டை! எந்தச் சர்வருக்கு ரீபூட் தேவை என்று சொல்ல 'நீட்ஸ் ரீஸ்டார்டிங்' என்றே ஒரு கட்டளை இருக்கிறது. அதையும் அறிக்கையில் சேர்த்துவிடுங்கள்.

என் கதை சின்னது. அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் கதையைக் கேளுங்கள். 2017 மார்ச் 7-ஆம் தேதி அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டை அறிவிக்கப்பட்டது. அடைக்கும் அப்டேட்டும் கூடவே வந்தது. உடனே போடச் சொல்லி இரண்டே நாளில் உள்ளுக்குள் மின்னஞ்சலும் போனது. ஆனால் அந்த மின்னஞ்சல் பட்டியல் பழசு, போட வேண்டியவரிடம் போய்ச் சேரவில்லை. தேடிப் பார்த்த ஸ்கேனும் ஓட்டையுள்ள சர்வரைக் கண்டுபிடிக்கவில்லை. மே மாதம் திருடர்கள் நுழைந்தார்கள். வலைப் போக்குவரத்தைக் கண்காணிக்க ஒரு கருவி இருந்தது, ஆனால் அதன் சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதங்களாகியிருந்தன. சத்தம் இல்லாததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜூலை 29-இல் சான்றிதழைப் புதுப்பித்ததும்தான் சந்தேகமான போக்குவரத்து கண்ணில் பட்டது. அதற்குள் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போய்விட்டன.

நூறு சர்வரை ஒவ்வொன்றாக நுழைந்து பார்ப்பது ஆகாத வேலை. அதற்குத்தான் ரெட் ஹாட் சேட்டிலைட், சூசே மல்டி-லினக்ஸ் மேனேஜர் (முன்பு சூசே மேனேஜர்) போன்ற மையக் கருவிகள் இருக்கின்றன. காசில்லாமல் வீட்டிலேயே பழக வேண்டுமா? ஃபோர்மேனையும் கேட்டெல்லோவையும் நிறுவிப் பாருங்கள், சேட்டிலைட் கட்டப்பட்டிருப்பது அவற்றின் மேல்தான். அப்டேட்டுகள் முதலில் மையத்துக்கு வரும். அங்கிருந்து சோதனைச் சர்வர், பிறகு நிஜச் சர்வர் என்று படிப்படியாக இறக்கலாம். சோதனைக்குப் போன அதே தொகுப்பு மாறாமல் நிஜத்துக்குப் போவதுதான் இதில் பெரிய லாபம். நடுவில் புதிதாக ஒன்று வந்து கலக்காது.

ஆடிட்டர்களிடம் மாட்டும் இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரெட் ஹாட் 7-இல் வெப் சர்வரின் எண் கடைசிவரை 2.4.6-தான். அது 2013-இல் வந்த பதிப்பு. ஸ்கேன் கருவி அலறும். ஆனால் பிந்தைய பாதுகாப்புத் திருத்தங்களை அந்தப் பழைய எண்ணுக்குள்ளேயே சேர்த்துக்கொடுப்பது ரெட் ஹாட்டின் வழக்கம். பதிப்பு எண்ணை மட்டும் பார்க்காமல், அந்த ஓட்டைக்கான அறிவிப்பைத் தேடிக் காட்டுங்கள்.

"சந்தாவே இல்லாத சென்டோஸ் போட்டிருந்தா தொல்லை இல்லையே?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. சென்டோஸ் 8-ஐ 2029 வரை நம்பலாம் என்று இருந்தவர்களுக்கு, 2021 டிசம்பர் 31-உடன் முடிகிறது என்ற அறிவிப்பு 2020 டிசம்பரில் வந்தது. சென்டோஸ் 7-உம் 2024 ஜூன் 30-இல் முடிந்தது. பலர் ஆல்மா, ராக்கி என்று மாறினார்கள். மாறாத சர்வர்கள் இன்னும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கின்றன, அமைதியாக.

ரெட் ஹாட்டிலும் இப்போது ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாகச் சந்தாவை ஒட்ட வேண்டியதில்லை, பதிவு செய்தால் போதும். வேலை குறைந்தது, நிஜம். அதேசமயம் எத்தனை வாங்கினோம், எத்தனை ஓடுகிறது என்று எண்ணும் பொறுப்பு நம் தலையில் கூடிவிட்டது.

இப்போது மாதத்தின் முதல் திங்கட்கிழமை நான் பச்சை சிவப்பைப் பார்ப்பதற்கு முன் மூன்று எண்களைத்தான் எடுக்கிறேன்: மெய்நிகர் மேடையில் ஓடும் சர்வர்கள் எத்தனை, சேட்டிலைட்டில் பதிவானவை எத்தனை, அவற்றில் கடந்த 24 மணி நேரத்தில் மையத்தோடு பேசியவை எத்தனை. போன மாதம் முதல் இரண்டுக்கும் நடுவில் இரண்டு குறைந்தது. ஒன்று, யாரோ சோதனைக்காக எழுப்பி மறந்துபோனது, அணைத்துவிட்டோம். இன்னொன்று யாருடையது என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.