சாட்டை நீளும் கரும்பு

சுங்கை பாக்காப்

அன்புள்ள தம்பிக்கு,

பூஞ்சையில் ஆண், பெண் உண்டா என்று கேட்டிருந்தாய். அதற்கு நம் ஊரின் பழைய பயிரிலேயே பதில் இருக்கிறது.

இன்று செம்பனை நிற்கும் இந்தப் பக்கத்தில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கரும்பு நின்றது. கீ லாய் ஹுவாட் என்ற சீன முதலாளி கரும்பை வைத்தே சுங்கை பாக்காப்பை வளர்த்தார். நம் ஊர் அடங்கிய அன்றைய வெல்லெஸ்லி மாகாணத்துச் சீனித் தோட்டங்களில் ஒப்பந்தத்தில் வந்த தமிழர்கள் பாடுபட்டார்கள். பிறகு ரப்பர் வந்தது, கரும்பு போனது.

கரும்பைப் பிடிக்கும் பூஞ்சை நோய்களில் ஒன்று கரிப்பூட்டை. 1877-ல் தென்னாப்பிரிக்காவின் நாட்டாலில் முதன்முதலாகப் பதிவானது. நோய் கண்ட தூரில் நுனிக்குருத்து சாட்டையாக நீண்டு வளையும். மேலே வெள்ளி நிறத்தில் மெல்லிய சவ்வு. அது கிழிந்தால் உள்ளே முழுக்கக் கரித்தூள். அந்தத் தூளில் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து.

வித்து கரும்பின் பருவில் விழுந்து ஈரம் பட்டு முளைத்தால் நான்கு சிறு செல்கள் பிறக்கும். இரண்டு ஒரு வகை, இரண்டு எதிர் வகை. ஆண், பெண் என்று பிரிக்க முடியாது. உருவத்தில் வித்தியாசமே இல்லை. ஒரு வகையை மட்டும் எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தால் ஈஸ்ட் மாதிரி பெருகும், ஆனால் கரும்பை ஒன்றும் செய்யாது. எதிர் வகையோடு கூடினால்தான் இழையாக நீண்டு பருவுக்குள் புகும்.

ஒன்றையொன்று அடையாளம் காண வேதிச் சமிக்ஞை உதவுகிறது. கூடிய பின் ‘பி’ என்ற மரபணுப் பகுதியின் வேலை தொடங்கும். அங்கே உருவாகும் இரு வகைப் புரதங்களில் ஒன்று ஒரு பெற்றோரிடமிருந்தும் மற்றது எதிர் பெற்றோரிடமிருந்தும் வந்து இணைந்தால்தான் நோயுண்டாக்கும் மரபணுக்கள் விழிக்கும். சீன ஆய்வாளர்கள் அந்தப் பகுதியை நீக்கிப் பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள்: கூடலும் இல்லை, இழையும் இல்லை, நோயும் இல்லை.

அப்படியானால் இரு வகையும் சந்திக்காமல் தடுத்தால் போதுமே என்று உனக்குத் தோன்றும். வயலில் அது நடக்காது. ஒரே வித்திலிருந்து இரண்டுமே பிறப்பதால் துணை எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தப் பூஞ்சையில் எனக்குப் பெரிய வியப்பு இதுதான்.

மனிதரைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையின் கதை வேறு. அங்கே கூடாமலே நோய் வரும். ஆனால் அதன் இரு வகைகளில் நோயாளிகளிடம் பெரும்பாலும் அகப்படுவது ‘ஆல்ஃபா’ எனப்படும் வகைதான்.

கரும்பில் இரு வகையின் கூடலைத் தடுக்க முடியாததால் நோயை வேறு வழிகளில்தான் சமாளிக்கிறார்கள். கோயம்புத்தூரில் 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் புதிய ரகங்களின் கரணைகளை வித்துக் கரைசலில் நனைத்து நட்டு, எது தாங்குகிறது என்று பார்த்துத் தேர்கிறது. விவசாயிகள் விதைக்கரணையை 50 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் நேர்த்தி செய்கிறார்கள். சாட்டை தென்பட்டால் தூள் பறக்காமல் கோணிப்பையால் மூடி, அப்படியே அறுத்துக் கொதிநீரில் போடுகிறார்கள்.

அன்புடன்,
அண்ணன்