விட்டிலும் விளக்கும்



விளக்கில் வீழ்ந்த விட்டில் என்னும் உவமையை நாம் வகுப்பிலே கற்றிருக்கின்றோம். ஆசையால் அறிவிழந்து அழிவோரைக் குறிக்க அது வழங்குகின்றது. சென்ற ஆண்டு இதனைக் கற்பித்தபோது, "விட்டிலுக்கு விளக்கின்மேல் ஏன் ஆசை, ரீச்சர்?" என்று ஒரு மாணவி வினவினாள். எனக்கு விடை தெரியவில்லை. அவ்விடையைத் தேடியே, ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இலண்டன் புறநகரிலுள்ள எமது வீட்டுத் தோட்டத்தில் சில மாணவர்களும் பெற்றோரும் கூடினோம்.

காலைப் பறவைகள்

காலை ஆறு மணி. முதலில் கண்ணை மூடிச் செவியைத் திறந்தோம். 'சிவ்-சாவ்' என்று ஒரு குருவி விடாது ஒலித்தது. அதன் பெயரும் சிவ்சாவ்தான். 'கா கா' எனக் கரைவதனால் காகம் என்று நாம் பெயரிட்டாற்போல, ஆங்கிலேயரும் ஒலியாலேயே பெயரிட்டிருக்கின்றனர்.

சற்று நேரத்தில் தகைவிலான் குருவிகள் இரண்டு வடக்கு நோக்கிப் பறந்தன. பிரித்தானியாவில் கூடு கட்டும் தகைவிலான்கள் குளிர்காலத்தைத் தென்னாபிரிக்காவிலே கழித்து, ஏறத்தாழ 10,000 கிலோமீற்றர் பறந்து வசந்தத்தில் மீள்கின்றன. இதே இனத்தைச் சேர்ந்த வேறு கூட்டங்கள் ஆசியாவின் வடபகுதியிலிருந்து குளிர்காலத்தில் இலங்கைக்கும் தமிழகத்துக்கும் செல்கின்றன.

பெட்டிக்குள் என்ன?

முதல்நாள் இரவு தோட்டத்தில் ஓர் ஒளிப்பொறி வைத்திருந்தோம். பிரகாசமான விளக்கு ஒன்று. அதன்கீழ் சரிந்த கண்ணாடித் தகடுகள். அடியிலே வெறும் முட்டை அட்டைகள். விளக்கை நாடி வரும் அந்துப்பூச்சிகள் தகட்டில் வழுக்கி உள்ளே வீழ்ந்து, அட்டைக் குழிகளில் காயமின்றி உறங்கும்.

ஒவ்வோர் அட்டையாக மெல்லத் தூக்கிப் பார்த்தோம். ஒன்றின் சிறகில் கரிய எழுத்துப் போன்ற அடையாளம் இருந்தது. எபிரேய மொழியின் 'நூன்' என்னும் எழுத்தை ஒத்திருப்பதால் அப்பூச்சிக்கு 'எபிரேய எழுத்து' என்றே ஆங்கிலத்தில் பெயர். "இல்லை, இது தமிழ் 'ப'!" என்றாள் ஒரு சிறுமி. அனைவரும் சிரித்தோம்.

"இவை பட்டுச் சேலையை அரிப்பவை அல்லவா?" என்று ஒரு தாய் கேட்டார். பிரித்தானியாவில் ஏறத்தாழ 2,500 வகை அந்துப்பூச்சிகள் உள்ளன. அவற்றுள் துணியை அரிப்பவை மிகச் சிலவே. அந்தப் பட்டையே நமக்குத் தருவதும் ஓர் அந்துப்பூச்சியின் புழுவன்றோ!

விடை கிடைத்தது

2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு மாணவியின் வினாவுக்கு விளக்கம் தருகின்றது. இரவிலும் நிலத்தைவிட வானமே ஒளி மிக்கது. ஆகவே பறக்கும் பூச்சி தன் முதுகை ஒளியின் பக்கம் திருப்பி, மேல் எது, கீழ் எது என்று அறிகின்றது. விளக்கின் அருகே வந்ததும் முதுகை விளக்குக்குத் திருப்புகின்றது. அதனால் வழி தவறி அதனையே சுற்றுகின்றது. எனவே விட்டிலை வீழ்த்துவது ஆசையன்று. நாம் ஏற்றிய விளக்கை அது வானமென மயங்குகின்றது.

1968 முதல் 2017 வரையான 50 ஆண்டுகளில் பிரித்தானியாவின் பெரிய அந்துப்பூச்சிகள் 33 விழுக்காடு குறைந்துள்ளன. வாழிடம் அழிதல், பூச்சிகொல்லி, இரவு விளக்குகள் முதலியன இதற்குக் காரணங்களாம். 'புளூ ரிற்' என்னும் சிறு குருவியின் குஞ்சு ஒன்று நாளொன்றுக்கு 100 புழுக்கள் வரை உண்ணும். அவற்றுட் பெரும்பாலானவை அந்துப்பூச்சியின் புழுக்களே. புழுக்கள் குறைந்தால் குஞ்சுகள் பசியால் வாடும். காலையில் நாம் கேட்ட இன்னொலிகளும் குறையும்.

ராபின் குருவியொன்று வேலியில் காத்திருந்தமையால், பூச்சிகளை அடர்ந்த செடிகளின் உள்ளே விடுவித்தோம். அன்றிரவு முதல் எமது தோட்ட விளக்கு எரிவதில்லை. உங்கள் வீட்டிலும் தேவையற்ற விளக்கை அணைத்திடுவீர்களா?

பயிற்சி

1. காகம் கரையும்; குயில், மயில், கூகை ஆகியவற்றின் ஒலிகளைக் குறிக்கும் மரபுச் சொற்கள் யாவை?
2. விட்டில் விளக்கைச் சுற்றுவது ஏன்?
3. உங்கள் தோட்டத்தில் ஒரு காலையில் கண்ட பறவைகளைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதுக.