மழைச் சாலையும் பனிச் சாலையும்

நுழையும்முன்

கார் ஒன்றைப் பார்க்கும்போது அதன் நிறமும் வடிவமுமே முதலில் கண்ணில் படும். ஆயினும், உள்ளிருப்போரின் உயிரைக் காப்பது நிலத்தைத் தொடும் டயர் ஆகும். தமிழ்க் குடும்பம் ஒன்று அதனை உணர்ந்த வகையைப் படித்து அறிவோம்.

திருவனந்தபுரத்திற்கு ஆண்டில் இருமுறை பெருமழை வரும். ஜூன் மாத மழையை அவ்வூர் மக்கள் இடவப்பாதி என்பர். ஐப்பசி மழையைத் துலாவர்ஷம் என்பர். துலாவர்ஷம் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை மாலை, கரமனையில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று தீபாவளிப் பயணம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாகக் குலசேகரத்திலுள்ள தாத்தா வீட்டிற்குத் தம் சிறிய காரில் செல்ல அவர்கள் எண்ணினர்.

காரின் முன் டயர்கள் தேய்ந்திருந்தன. “இந்த ஒரு மழைக்காலத்தை இவையே தாங்கிவிடும். பொங்கலுக்குப் பின் மாற்றலாம்” என்றார் அப்பா. பண்டிகைச் செலவு அவர் மனத்தில் இருந்தது.

அப்போது கனடாவின் மான்ட்ரியல் நகரிலிருந்து மாமா காணொளியில் அழைத்தார். அங்கே அது காலை நேரம். “பனிக்கால டயர் மாற்றுவதற்கு நாள் குறித்துவிட்டேன்” என்றார் அவர்.

“நன்றாக இருக்கும் டயரை ஏன் மாற்ற வேண்டும், மாமா?” என்று மகள் வினவினாள்.

“சாதாரண டயரின் ரப்பர், வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே இறங்கினால் இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் சாலையைப் பற்றாது. பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் மென்மையாக இருக்கும். அதன்மேல் எண்ணற்ற நுண்கீறல்கள் உண்டு. அவை பனியைக் கவ்விப் பிடிக்கும். மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் பொறித்த முத்திரையைப் பார்த்தே வாங்குவேன். இங்குக் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இவ்வகை டயரைப் பொருத்துவது சட்டம்.”

“இரண்டு மட்டும் மாற்றினால் செலவு குறையுமே?”

“சிறிய காரில் எஞ்சின் பெரும்பாலும் முன்சக்கரங்களையே சுழற்றும். அதனால் முன்னால் மட்டும் மாற்றினால் போதும் எனச் சிலர் நினைப்பர். ஆனால், முன்பகுதி பனியைப் பற்றி நிற்க, பின்பகுதி வழுக்கிக் கார் சுழன்றுவிடும். எனவே நான்கையும் மாற்ற வேண்டும். அகலமான டயரைவிடச் சற்றுக் குறுகிய டயர் பனிச்சேற்றை நன்கு கிழித்துச் செல்லும். அளவு மட்டும் கார் நிறுவனம் அனுமதித்ததாக இருக்க வேண்டும்.”

இத்தகைய டயர் புதியதன்று. பின்லாந்து நாட்டில் 1934ஆம் ஆண்டிலேயே லாரிகளுக்கான பனிக்கால டயர் உருவாக்கப்பட்டது. நம் நாட்டிலும் மணாலி போன்ற மலையூர்களில் பனி கொட்டும்போது, ஓட்டுநர்கள் டயரின்மேல் இரும்புச் சங்கிலியைச் சுற்றி மெல்லச் செல்வர்.

“நமக்குப் பனி இல்லை, ஆனால் மழை இருக்கிறதே, அப்பா!” என்றாள் மகள். இருவரும் கைவிளக்குடன் காரின் அருகே குனிந்தனர். டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் உண்டு. அவை தேய்வு அடையாளங்கள். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். மேற்பரப்பு தேய்ந்து அம்மேட்டுடன் சமமாகிவிட்டால் அந்த டயரின் காலம் முடிந்தது. முன் டயர்கள் இரண்டும் அந்நிலையை அடைந்திருந்தன. அப்பா ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் டயர் கடையில் முதிய தொழிலாளி ஒருவர் விளக்கினார். “ஒரு டயர் நிலத்தைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுதான். பள்ளங்கள் மழைநீரை ஓரத்திற்குத் தள்ளும். மொட்டை டயரில் நீர் வெளியேற வழியில்லை. வேகமாகச் சென்றால் கார் நீரின்மேல் மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயன்படா.”

அப்பாவிடம் இரண்டு புதிய டயர்களுக்கே பணம் இருந்தது. தொழிலாளி பாதி தேய்ந்த பின் டயர்களை முன்னே மாற்றி, புதியவற்றைப் பின்னே பொருத்தினார். “முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழலும், மீட்பது கடினம்” என்றார். டயரின் பக்கச்சுவரிலிருந்த நான்கு எண்களையும் காட்டினார். 2324 என்றிருந்தால், 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது எனப் பொருள்.

தீபாவளிக்கு முந்தைய நாள் பாறசாலை அருகே மழை கொட்டியது. சாலையின் ஒரு பகுதியில் நீர் தேங்கியிருந்தது. புதிய டயர் இருக்கிறதே என்று அப்பா விரையவில்லை, வேகத்தைக் குறைத்தார். கார் வழி பிறழாமல் நீரைக் கடந்தது.

தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பல்லாண்டுகள் பால் வெட்டியவர். வாசலில் நின்ற காரின் புதிய டயரை அவர் தடவிப் பார்த்தார். “இதில் எந்த மரத்துப் பாலோ!” என்று சிரித்தார். பின்னர்ப் பேத்தியின் ஈரத் தலையைத் தம் துண்டால் துவட்டினார்.

சொற்பொருள்

வினவினாள் – கேட்டாள்
முத்திரை – அடையாளக் குறி
பிறழாமல் – மாறாமல்
பாகை – வெப்ப அளவின் அலகு

விடையளிக்க

1. பனிக்கால டயர் குளிரிலும் சாலையைப் பற்றுவது எவ்வாறு?
2. புதிய டயர்கள் பின்னே பொருத்தப்பட்ட காரணம் யாது?
3. புதிய டயர் இருந்தும் அப்பா வேகத்தைக் குறைத்தது சரியா? உம் கருத்தை எழுதுக.

செய்து பார்க்க

உம் வீட்டு ஊர்தியின் டயரில் தேய்வு அடையாளத்தையும் நான்கு எண்களையும் பெரியவர் துணையுடன் கண்டறிந்து, ஐந்து தொடர்களில் எழுதுக.