ரான்சம்வேர்: நிறுவனங்களுக்கான காப்பு நெறிகள்

ரான்சம்வேர் என்பது கணினியில் உள்ள கோப்புகளை மறையாக்கம் செய்து, அதாவது உரிய திறவுகோலின்றிப் படிக்க இயலாதவாறு பூட்டி, அவற்றை விடுவிக்கப் பணம் கேட்கும் தீநிரலாகும்.

• 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்னும் ரான்சம்வேர், அதே ஆண்டு மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்த பாதுகாப்புத் திருத்தத்தை நிறுவாத விண்டோஸ் கணினிகளையே தாக்கியதால், இயங்குதளப் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடலாகாது.

• தரவுகளை, மூலத்தையும் சேர்த்து மூன்று நகல்களாக இருவேறு வகைச் சாதனங்களில் வைத்து, அவற்றுள் ஒன்றை அலுவலகத்துக்கு வெளியே, வலையமைப்பில் இணைக்காமல் காப்பதோடு, அதிலிருந்து கோப்புகளை மீட்க முடிகிறதா என்பதையும் அவ்வப்போது சோதித்தல் வேண்டும்.

• தொலைவிலிருந்து நிறுவனக் கணினிகளுக்குள் நுழைவோரிடம் கடவுச்சொல்லுடன் ஒருமுறைக் குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்க வேண்டும்.

• தாக்குதல் தெரிந்தவுடன் பாதிக்கப்பட்ட கணினியை வலையமைப்பிலிருந்து துண்டிக்க வேண்டும். பணம் செலுத்தினாலும் கோப்புகள் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.