ஓரியின் புரவியும் குலவரிசை ஏடும்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் பெயரைக் கேளாத தமிழ் மாணவர் இலர். கடையெழு வள்ளல்களுள் ஒருவன் அவன். ஓரம்பினால் பல விலங்குகளை ஒருங்கே வீழ்த்திய வில்லாளன் என்று வன்பரணரால் பாடப்பெற்றவன். ஆயின் அவன் ஊர்ந்த குதிரைக்கும் ஓரி என்பதே பெயர் என்பதை நினைவிற் கொண்டோர் சிலரே. நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படையால் அஃது அறியப்படும். அவனோடு பொருத மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்பதே பெயர். காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்கு அளித்தான் என்பது அகநானூற்றாற் பெறப்படுகின்றது. ஓரி என்னும் சொல்லுக்குக் குதிரையின் பிடரிமயிர் என்னும் பொருளும் உண்டு.

அரசர் இருவரோடு புரவிகள் இரண்டின் பெயர்களும் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்துள்ளன. அப்புரவிகளின் தந்தை யாது, தாய் யாது என்னும் செய்தி வந்து சேரவில்லை. மேனாட்டில் இன்று இளங்குதிரை ஒன்றை விற்க முற்படுவோன் செய்வது இதற்கு நேர்மாறானது. அவன் குதிரையின் பெயரைப் பின்னுக்குத் தள்ளி, அதன் தந்தையையும் தாயையும் தாயின் தந்தையையும் முன்னிறுத்துகின்றான். அக்குதிரை காயடிக்கப்பெற்றதாயினும், அதாவது இனிச் சந்ததி ஈனுதற்கு இயலாததாயினும், அவ்வாறே செய்கின்றான். வழித்தோன்றல் இல்லாத விலங்குக்கு முன்னோர் வரலாறு எதற்கு? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழகமும் குதிரை வாணிகமும்

குதிரை, புரவி, பரி, இவுளி, மா எனத் தமிழில் இவ்விலங்குக்குப் பெயர்கள் பல. எனினும் தமிழரசர் தம் படைக்கு வேண்டிய உயர்ந்த குதிரைகளை நெடுங்காலம் கடல்வழியாகவே பெற்றனர். காவிரிப்பூம்பட்டினத்தில் கலங்களில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. 13-ஆம் நூற்றாண்டில் இவ்வாணிகம் மிகப் பெருகியது. பாரசீக வரலாற்றாசிரியராகிய வஸ்ஸாப், கீஷ் தீவினின்று ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிநாட்டுக்கு அனுப்புவதென உடன்படிக்கை இருந்ததாகவும், குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார் விலை வகுக்கப்பட்டிருந்ததாகவும் எழுதுகின்றார். அதற்கு முன்னர், அபூபக்கர் என்னும் பாரசீக மன்னர் காலத்தில், மாபார் எனப்பட்ட இக்கரைக்கும் பிற இந்தியத் துறைகளுக்குமாக ஆண்டிற்கு 10,000 குதிரைகள் வந்தன என்றும், அவற்றின் மொத்த விலை 22 இலட்சம் தினார் என்றும் அவர் கணக்குக் காட்டுகின்றார். வழியிற் கடலில் இறந்த குதிரைக்கும் அரசனது கருவூலமே விலை கொடுத்தது.

வந்த குதிரைகள் நெடுநாள் வாழவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, குதிரைகளைப் பேணும் முறை அறியாமையால் அவை விரைவில் மாண்டன என்கின்றார். வாணிகர் இலாடம் அடிப்போரை இந்நாட்டுக்கு வரவிடாமல் தடுத்தனர் என்றும் கூறுகின்றார். குதிரைகள் மாண்டாலன்றோ மறுவாண்டும் விற்பனை நடைபெறும்! பொருள் போயிற்று, குதிரையும் போயிற்று, அறிவோ வரவில்லை.

குதிரை வாங்குவோனது அச்சம் தமிழர் உள்ளத்தில் எவ்வளவு ஆழப் பதிந்திருந்தது என்பதற்குத் திருவிளையாடற் கதை ஒன்றே சான்று பகரும். பாண்டியன் பொருள் கொடுத்துப் பரி வாங்கிவரத் தம் அமைச்சராகிய வாதவூரரை அனுப்பினான். பரிகள் வந்தன; அரசன் கண்டு மகிழ்ந்தான்; இரவில் அவையனைத்தும் நரிகளாக மாறி ஊளையிட்டன. இக்கதையின் சமயக் கருத்து யாதாயினும் ஆகுக. பகலிற் பரியாகத் தோன்றியது இரவில் நரியாகி விடுமோ என்னும் ஐயம் எக்காலத்தும் குதிரை வாங்குவோனுக்கு உரியதே.

வார்ம்பிளட் என்னும் இனம்

இன்று உலக விளையாட்டரங்குகளில் தடை தாண்டவும், நடைப்பயிற்சியாகிய டிரெஸ்ஸாஜில் திறம் காட்டவும் பெரிதும் பயன்படுவது வார்ம்பிளட் எனப்படும் வகையாகும். வெதுவெதுப்பான இரத்தம் என்னும் பொருள்தரும் இப்பெயரால் மயங்குதல் கூடாது. எல்லாக் குதிரைகளின் உடல் வெப்பமும் ஏறக்குறைய 38 பாகை செல்சியசே. விரைவும் துடிப்பும் மிக்க அரபுக் குதிரையையும் பந்தயக் குதிரையாகிய தரோபிரெட்டையும் சூடான இரத்தமுடையன என்றும், பாரம் இழுக்கும் பெருங்குதிரைகளைக் குளிர்ந்த இரத்தமுடையன என்றும் ஐரோப்பியர் வழங்கினர். இவற்றிற்கு இடைப்பட்ட இயல்பினவே வார்ம்பிளட்.

பிரஷ்யா நாட்டு மன்னர் முதலாம் பிரடெரிக் வில்லியம் 1732-இல் டிராக்கேனன் என்னுமிடத்திலும், இங்கிலாந்து மன்னரும் ஹானோவர் ஆட்சியாளருமாகிய இரண்டாம் ஜார்ஜ் 1735-இல் செல்லே என்னும் ஊரிலும் பொலிகுதிரைப் பண்ணைகளை நிறுவினர். படைக்கும் வண்டிக்கும் உழவுக்கும் வளர்க்கப்பெற்ற இக்குதிரைகளுக்கு, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இயந்திரக் கலப்பை வந்தபின் வேலை இல்லாதொழிந்தது. அப்பொழுது வளர்ப்போர் தரோபிரெட் இரத்தத்தை மிகுதியாகச் சேர்த்து அவற்றை விளையாட்டிற்கு உரியனவாக மாற்றினர். சில பத்தாண்டுகளுக்குள் இம்மாற்றம் கைகூடியதற்குக் காரணம் குலப்பதிவேடுகளே. எப்பெட்டைக் குதிரை எவ்வியல்புடைய குட்டியை ஈன்றது என்பது எழுத்தில் இருந்தமையால், எதனோடு எதனைச் சேர்ப்பது என்று ஆராய்ந்து துணிய முடிந்தது. ஹோல்ஸ்டைன் நாட்டார் தாய்வழிக் குடும்பங்களுக்கு எண் இட்டு இன்றும் வழங்குகின்றனர்.

விளம்பரத்தைப் படிக்கும் முறை

மாணவர்க்கு விளங்குதற்பொருட்டு ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். 'நான்கு வயது, காயடித்தது, உயரம் 16.2 கை, தந்தை இன்னது, தாயின் தந்தை இன்னது' என்று ஒரு விளம்பரம் கூறுகின்றதாகக் கொள்க.

முதலாவது வயது. 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்பது பழமொழி. விலைக்கு வாங்கும் குதிரையையோ கட்டாயம் பார்த்தல் வேண்டும். முன்வாயின் பாற்பற்கள் இணையிணையாக ஏறக்குறைய இரண்டரை, மூன்றரை, நாலரை ஆண்டுகளில் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். ஆதலின் நான்கு வயதுக் குதிரைக்கு ஓரத்துப் பாற்பற்கள் இன்னும் இருத்தல் வேண்டும். முதுகெலும்பின் வளர்முனைகள் ஐந்து ஆறு ஆண்டளவிலேயே முதிர்வனவாதலால், நான்கு வயதிற்குள் பெருந்தடைகளைத் தாண்டிப் புகழ்பெற்ற குதிரை, மெச்சுதற்கு மட்டுமன்றி ஐயுறுதற்கும் உரியதாகும்.

இரண்டாவது உயரம். கை என்பது 4 அங்குலம். 16.2 என்பதிலுள்ள புள்ளி தசமப் புள்ளியன்று. 16 கையும் 2 அங்குலமும் எனப் பொருள்படும். எனவே 66 அங்குலம், அஃதாவது ஏறக்குறைய 168 சென்டிமீட்டர். இதனைத் தோள்மேட்டில் அளப்பர், தலையுச்சியில் அன்று.

மூன்றாவது குலவரிசை. குட்டி தந்தையிடமிருந்து பாதியும் தாயிடமிருந்து பாதியும் பெறுகின்றது. ஆயினும் விற்போர் தந்தையின் பெயரையே பெரிதாக அச்சிடுவர். ஏனெனில் புகழ்பெற்ற பொலிகுதிரைக்கு நூற்றுக்கணக்கான குட்டிகள் உண்டு. பெயர் பொதுவானது, அதனால் வேறுபாடு சிறிதே விளங்கும். தாய் யாது, அவள் ஈன்ற பிற குட்டிகள் யாவை, அவை நொண்டாமல் எத்துணை ஆண்டு உழைத்தன என்று வினவுவோனே குலவரிசையைப் படிக்கத் தெரிந்தவன்.

காயடித்த குதிரைக்குக் குலம் எதற்கு?

இனி நம் முதல்வினாவிற்கு வருவோம். காயடித்தல் இழிவன்று, குதிரையை அமைதியுடையதாக்கி, மற்றக் குதிரைகளோடு கலந்து வாழச்செய்து, பயிற்சியில் மனம் பற்றச்செய்யும் வழி அது. எனினும் அச்செயலால் அதன் மரபு அதனோடு முடிகின்றது. ஆகவே அதன் குலவரிசையை வருங்காலச் செல்வமாக விலைபேச ஒருவர்க்கும் இயலாது. பெட்டைக் குதிரையிடத்துப் பெரிதும் ஆராய வேண்டிய பரம்பரைக் குறை ஒன்று இங்கே பொருட்படுத்தத்தக்கதன்று. வார்ம்பிளட் குட்டிகளின் தோலையும் மூட்டையும் நொய்தாக்கிக் கொல்லும் நோய்க்குரிய மரபணுவை ஒரு பங்கு மட்டும் தாங்கிய குதிரை நலமாகவே வாழும்; அத்தகைய இரண்டு கூடினாலே குட்டிகளுக்கு இடர். காயடித்த குதிரைக்கு அக்கவலை இல்லை.

அங்ஙனமாயின் எஞ்சுவது யாது? முன்னறிதல் ஒன்றே. இளங்குதிரை இன்னும் ஒன்றும் செய்து காட்டவில்லை. அதன் செயல் எதிர்காலத்தில் உள்ளது. முன்னோர் செயலோ ஏட்டில் உள்ளது. செயல் தோன்றும் வரையில் ஏடு அதற்குப் பிணை நிற்கின்றது. செயல் தோன்றியபின் பிணைக்கு வேலை இல்லை.

2002-இல் நெதர்லாந்தில் பிறந்த வலேக்ரோ என்னும் குதிரையை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். தந்தை நேக்ரோ, தாய் மாய்ஃப்ளூர், தாயின் தந்தை கெர்ஷ்வின். காயடிக்கப்பெற்ற இக்குதிரைமீது ஊர்ந்து இங்கிலாந்துப் பெண்மணி சார்லட் டுஜார்டின் 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் தனியாகவும் குழுவாகவும், 2016 ரியோ ஒலிம்பிக்கில் தனியாகவும் டிரெஸ்ஸாஜில் பொற்பதக்கம் பெற்றார். அதன்பின் வலேக்ரோவின் தந்தை யாது என்று உலகம் கேட்டது. நேக்ரோவின் பெயர் எங்கும் பரவியது. மகன் தந்தைக்குச் செய்யும் கைம்மாறு இதுவென வள்ளுவர் கூறிய கருத்து இவ்விலங்கினிடத்தும் பொருந்தக் காண்கின்றோம். சந்ததியில்லாக் குதிரையின் செயல் முன்னோக்கிச் செல்ல வழியின்மையால் பின்னோக்கிச் சென்று, ஏட்டின் முந்தைய வரிகளுக்குப் பொருள் தருகின்றது. காயடித்த குதிரையின் பெயரும் ஏட்டில் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

பிணையின் எல்லை

ஏட்டை மிகையாக நம்புதலும் பேதைமையே. ஒரே தாய்தந்தையர்க்குப் பிறந்த இரு குட்டிகள் ஒத்திருப்பதில்லை. ஆகலின் அறிவுடையோன் மருத்துவரை அழைத்து இதயத்தையும் கண்ணையும் சோதிப்பிப்பான். கால்மூட்டைச் சிறிது நேரம் மடக்கிப் பிடித்து, விட்டவுடன் ஓடச்செய்து நொண்டுகின்றதா என்று காண்பான். எக்ஸ்ரே படம் எடுத்து எலும்பைப் பார்ப்பான். ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் விழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்குக் கத்தியவார், மார்வார் முதலிய இனக்குதிரைகள் வருகின்றன. நம்மவர் அத்தகைய சந்தைகளில் உடலிலுள்ள சுழிகளைப் பார்த்து விலை பேசுவதுண்டு. சுழி கண்ணுக்குத் தெரிவது. ஆயினும் அது எலும்பின் நிலையையோ மூச்சின் வலிமையையோ சொல்லாது. ஏடும் முழுவதும் சொல்லாது. ஆனால் ஏட்டுக்கு ஒரு சிறப்பு உண்டு: அது பொய்த்தால் பொய்த்தது என்று அதிலேயே எழுதித் திருத்தலாம். சுழி நூலுக்கு அத்தகைய திருத்தம் இல்லை.

எழுத்தால் நிற்பது

1945-ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் போருக்கு அஞ்சிக் கிழக்குப் பிரஷ்ய மக்கள் டிராக்கேனர் குதிரைகளை வண்டிகளிற் பூட்டி, உறைந்த கடற்கழியின்மேல் மேற்கே ஓடினர். பல பனிக்கட்டி உடைந்து நீரில் ஆழ்ந்தன. பல பசியால் மாண்டன. எஞ்சியவை மிகச் சிலவே. பண்ணையும் நாடும் கைவிட்டுப் போயின. எனினும் 1947-இல் மேற்கு ஜெர்மனியில் சங்கம் அமைத்து, எஞ்சியவற்றின் குலத்தை வரியிட்டு, அவ்வினத்தை மீட்டனர். குதிரைகளின் மிகச் சிறு பகுதியே எஞ்சியபோதும், எது எதன் வழி என்னும் அறிவு இருந்தமையால் மீட்சி கைகூடிற்று.

நம் நாட்டில் மார்வாரி இனத்தின் குலவரிசைகள் பெரும்பாலும் வளர்ப்போர் நினைவிலேயே வாழ்ந்து வந்தன. அரசர் குதிரைச்சாலைகள் கலைந்தபோது அவ்வினம் அழிவின் விளிம்பை அடைந்தது. அரசு ஏற்ற முறையான பதிவு 2009-இலேயே தொடங்கிற்று. இந்திய வீரர் ஃபவாத் மிர்சா 2018 ஆசிய விளையாட்டில் இரு வெள்ளிப் பதக்கங்களையும், நம் டிரெஸ்ஸாஜ் குழுவினர் 2023-இல் ஹாங்சோவில் பொற்பதக்கத்தையும் பெற்றது ஐரோப்பாவிற் பயின்றே. பண்டு கீஷ் தீவை நோக்கியதுபோல் இன்று நாம் மேனாட்டை நோக்குகின்றோம்.

கொல்லிமலையின் அடிவாரப் பகுதியாகிய நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று இயங்கி வருகின்றது. அங்கும் பிற கல்லூரிகளிலும் பயிலும் நம் இளைஞர் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. அதற்குப் பெரும்பொருள் வேண்டா. தம் ஊரில் பிறக்கும் குதிரைக்குட்டிக்கும் கன்றுக்கும் நாள், தாய், தந்தை, நிறம், பிற்காலத்து உழைப்பு, நோய் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் ஆண்டுதோறும் எழுதிவருதலே அது. ஓரியின் புரவிக்குப் பாவலர் பெயர் தந்தனர். தாய் தந்தையரைத் தருவது பாவலர் கடமையன்று. குதிரைச்சாலையில் விளக்குப் பிடித்துக் குட்டி பிறக்கக் காத்திருப்போன் கடமை அது. அவன் கையில் ஓர் எழுதுகோலும் இருத்தல் வேண்டும்.