முன்சக்கரத்தில் எதற்கு எது பொருந்தும்?



குழுக் கடனில் ஆடு, மாடு, தையல் மெஷின் வாங்கியதுபோல, பழைய கார், வேன் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறவர்களும் நம்மில் இருக்கிறோம். வண்டியை ஓட்டுவது வீட்டுக்காரராக இருக்கலாம், மகனாக இருக்கலாம், நாமாகவும் இருக்கலாம். ஆனால் கடன் நம் பெயரில் இருக்கிறது, தவணை கட்டுவதும் நாம்தான். அதனால் "வண்டி விஷயமெல்லாம் ஆம்பளைங்க பாத்துப்பாங்க" என்று ஒதுங்கி இருக்க முடியாது. இந்த மாதம் முன்சக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம் கற்றுக்கொள்வோம்.

பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்குத்தான். அங்கே பொருந்தாத சாமான் போட்டால் காசு மட்டும் போகாது, உயிருக்கே ஆபத்து.

உள்ளே என்ன இருக்கிறது?

சைக்கிள் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்திருப்போம். நடுவில் அச்சு, அதைச் சுற்றிக் குண்டு, கோன், கப். பின்சக்கரம் இழுக்கும் பழைய கார்களின் முன்சக்கரமும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

ஸ்டப் ஆக்ஸில்: இதை ஸ்பிண்டில் என்றும் சொல்வார்கள். சக்கரத்தைத் தாங்கும் அச்சு. இது சுற்றாது. இதன்மேல்தான் சக்கரம் சுற்றும்.

வீல் பேரிங்: ஒரு சக்கரத்துக்கு இரண்டு. உள்பக்கம் பெரிசு, வெளிப்பக்கம் சிறிசு. பல வண்டிகளில் இது சாய்வான உருளைகள் வைத்த டேப்பர் பேரிங். உருளையோடு இருக்கும் உள்வளையம் கோன். ஹப்புக்குள் உட்காரும் வெளிவளையம் கப்.

ஹப்பும் டிஸ்க்கும்: ஹப் சக்கரத்தோடு சுற்றும். அதோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். காலிபர் என்ற கிடுக்கி, இரண்டு பக்கமும் பிரேக் பேடை வைத்து அந்தத் தட்டைப் பிடித்து வண்டியை நிறுத்துகிறது.

பெயர் ஒன்று, சாமான் வேறு

கொல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் 2014 வரை அம்பாசிடர் கார் தயாரானது. ஐம்பது வருஷத்துக்கு மேல் அதன் தோற்றம் பெரிசாக மாறவில்லை. ஆனால் பழைய வண்டிகளில் முன்சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். பின்னால் வந்தவற்றில் டிஸ்க்கும் உண்டு. ஆகவே "அம்பாசிடருக்கு பேரிங் கொடுங்க" என்று கேட்டால் போதாது. எந்த வருஷ வண்டி, டிரம்மா டிஸ்க்கா என்று சொல்ல வேண்டும். முன்பு யாராவது பழைய இரும்புக் கடையிலிருந்து வேறு வண்டிச் சாமானை எடுத்து மாட்டியிருக்கவும் கூடும். அதனால் கழற்றிய சாமானைக் கையில் கொண்டுபோய் அளந்து வாங்குவதுதான் சரி.

ஐந்து பொருத்தம் பார்ப்போம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். முன்சக்கரத்துக்கு இந்த ஐந்தாவது பார்க்க வேண்டும்.

1. அச்சுக்கும் கோனுக்கும்: கோன் அச்சில் கையால் தள்ளினால் ஏற வேண்டும், ஆனால் லொடலொடவென்று ஆடக் கூடாது. ஆடுகிறது என்று தகரம் சுற்றுவது, அச்சில் உளியால் கொத்தி இறுக்குவது, வெல்டிங் வைப்பது எல்லாம் ஆகாத வேலை. அச்சு தேய்ந்திருந்தால் அச்சையே மாற்ற வேண்டும்.

2. கப்புக்கும் ஹப்புக்கும்: கப் இறுக்கமாக உட்கார வேண்டும். ஹப்புக்குள் கப் தனியாகச் சுற்றினால் அந்த ஹப் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

3. கோனுக்கும் கப்புக்கும்: இரண்டும் ஜோடி. புதுக் கோனைப் பழைய கப்பில் போடக் கூடாது. பழைய கப்பில் இருக்கும் தேய்மானம் புது உருளையையும் சீக்கிரம் கெடுத்துவிடும். ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிட வேண்டும்.

4. டிஸ்க்குக்கும் காலிபருக்கும்: தட்டின் விட்டம், கனம், ஹப்பிலிருந்து அது உள்ளே தள்ளி நிற்கும் தூரம் மூன்றும் சரியாக இருந்தால்தான் காலிபரின் நடுவில் ஓடும். கனம் எதுவரை தேயலாம் என்ற குறைந்த அளவு பல டிஸ்க்குகளில் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனதை லேத்தில் கொடுத்துக் கடைந்து திரும்பப் போடக் கூடாது. டிஸ்க் மாற்றினால் இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

5. இடதுக்கும் வலதுக்கும்: ஸ்டப் ஆக்ஸில் மாற்றும்படி வந்தால், இரண்டு பக்கமும் ஒரே மாடல் வண்டியுடையதாக இருக்க வேண்டும். ஸ்டீயரிங் கம்பி சேரும் துளையின் சாய்வும் கையின் நீளமும் மாறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடலாம் என்று யாராவது சொன்னால் தட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஸ்டப் ஆக்ஸில், ஹப், காலிபர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் ஒன்றுக்கொன்று சேர வேண்டும். சக்கர ரிம் காலிபரில் உரசாமலும் இருக்க வேண்டும். மொத்தச் செலவையும் கேட்டுவிட்டு முடிவு செய்வோம்.

பேரிங் நம்பரைப் படிப்போம்

வளையல் வாங்கும்போது 2-4, 2-6 என்று அளவு சொல்லித்தானே கேட்கிறோம்? பேரிங்கிலும் நம்பர் பொறித்திருக்கும். 30205 என்று இருந்தால் கடைசி இரண்டு எண்ணை 5-ஆல் பெருக்குங்கள். 05 பெருக்கல் 5 என்றால் 25. உள்துளை 25 மில்லிமீட்டர். 30206 என்றால் 30 மில்லிமீட்டர். 04-லிருந்து மேலே இந்தக் கணக்கு வரும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. 6205 என்பது குண்டு பேரிங். அதற்கும் உள்ளே 25, வெளியே 52 மில்லிமீட்டர். 30205-க்கும் அதே 25, 52. ஆனால் அகலம் ஒன்றுக்கு 15, மற்றதற்கு 16.25. வேலையும் வேறு. வண்டி திரும்பும்போது பக்கவாட்டில் வரும் பாரத்தைத் தாங்கத்தான் டேப்பர் பேரிங். "அளவு ஒண்ணுதான், போட்டுக்கலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, சில பழைய கார்களில் அங்குலக் கணக்கு. முக்கால் அங்குல அச்சு என்றால் 19.05 மில்லிமீட்டர். அதில் 20 மில்லிமீட்டர் பேரிங் போட்டால் ஏறிவிடும், ஆனால் ஆடும். அந்த ஆட்டம்தான் அச்சைத் தின்றுவிடும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது

பழைய கிரீஸை முழுசாகத் துடைத்து, வீல் பேரிங் கிரீஸை உள்ளங்கையில் வைத்து உருளைகளுக்குள் அழுத்தி நிரப்ப வேண்டும். டிஸ்க்கில் ஒரு துளிகூடப் படக் கூடாது. டேப்பர் பேரிங் என்றால், சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, அந்த வண்டிக்குச் சொன்ன அளவில் வைக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் சூடேறி பேரிங் பிடித்துக்கொள்ளும். தளர்வாக விட்டால் டிஸ்க் ஆடி, பிரேக் பெடல் கீழே போகும். ஸ்பிளிட் பின் எப்போதும் புதுசுதான். பழசை நிமிர்த்திப் போடக் கூடாது.

நாமே பார்க்கக்கூடியது

சமதரையில் வண்டியை நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல் அணை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டும் வைத்த பிறகு, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடக்கென்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கையால் சுற்றினால் கரகரவென்று சத்தம் வரக் கூடாது. ஓடும்போது ஊங்காரம் கேட்டு, வலது பக்கம் திரும்பும்போது அது கூடினால் பெரும்பாலும் இடது சக்கர பேரிங்கில்தான் கோளாறு.

மெக்கானிக்கிடம் கேட்கப் பயப்பட வேண்டாம். "அண்ணே, கப்பையும் சேர்த்து மாத்திட்டீங்களா? கழட்டின பழைய சாமானைக் குடுங்க, பில்லில நம்பரையும் எழுதிக் குடுங்க" என்று கேட்டாலே வேலை ஒழுங்காக நடக்கும்.

கூட்டத்தில் செய்ய வேண்டியது

வண்டி வைத்திருக்கும் உறுப்பினர் ஒரு நோட்டுப் போடட்டும். வண்டியின் வருஷம், டிரம்மா டிஸ்க்கா, உள்பேரிங் நம்பர், வெளிபேரிங் நம்பர், மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், செலவு எல்லாம் அதில் இருக்கட்டும். ரிப்பேருக்குக் கடன் கேட்டால் குழு அந்த நோட்டையும் பில்லையும் பார்த்துக் கொடுக்கலாம். பழைய வண்டி வாங்கக் கடன் கேட்டால், விலை பேசும் முன்பே முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தீர்களா என்று கேட்போம்.

யோசித்துச் சொல்லுங்கள்:

1. 30207 பேரிங்கின் உள்துளை எத்தனை மில்லிமீட்டர்?
2. புதுக் கோனைப் பழைய கப்பில் ஏன் போடக் கூடாது?
3. நம் குழுவில் யார் வண்டிக்கு இன்னும் நோட்டுப் போடவில்லை?

பாஸ்புக்கைப் படிக்கக் கற்றுக்கொண்ட நமக்கு, பேரிங் நம்பர் ஒன்றும் பெரிசில்லை.