நனைந்த உடையும் மலைக்காற்றும்

இங்கிலாந்தின் டார்பிஷயர் பகுதியில் 'பீக்' எனப்படும் மேட்டுநிலம் ஒன்று உண்டு. அதன் உச்சியான கிண்டர் ஸ்கவுட்டின் உயரம் 636 மீட்டர்தான். நம் ஏற்காட்டின் உயரத்தில் பாதிகூட இல்லை. 1964ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள், சாரணர் இயக்க இளைஞர்கள் அங்கே ஏறத்தாழ 72 கிலோமீட்டர் நடைப்போட்டி ஒன்றில் இறங்கினர். வழியிலுள்ள நான்கு விடுதிகளின் பெயரால் அது 'நான்கு விடுதி நடை' என அழைக்கப்பட்டது. அன்று மழை பெய்தது. பலத்த காற்றும் வீசியது. பெரும்பாலோர் நடையை இடையிலேயே கைவிட்டனர். மூன்று இளைஞர்கள் உயிரிழந்தனர்.

அவர்கள் இறந்ததற்குக் காரணம் உடல்வெப்ப இழப்பு. துருவப் பகுதியின் கடுங்குளிர் எதுவும் அன்று அங்கே நிலவவில்லை. நல்ல உடல்வலிமை உள்ள இளைஞர்கள் இத்தகைய சிறு குன்றில் குளிரால் இறப்பானேன்? 1953ஆம் ஆண்டின் எவரெஸ்ட் பயணக் குழுவில் இடம்பெற்ற உடலியல் அறிஞர் கிரிஃபித் பியூ இக்கேள்வியை ஆராய்ந்தார். ஈரமும் காற்றும் ஒன்றுசேர்ந்தால், உலர்ந்தபோது போதுமான வெப்பம் தந்த அதே உடை தன் காக்கும் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது என்பது அவர் ஆய்வுகளில் தெளிவாயிற்று. இதன் காரணத்தை இயற்பியல் வழியாகக் காண்போம்.

உடை சூடு தருவதில்லை

கம்பளி உடை சூடு தருகிறது என்கிறோம். உண்மையில் சூடு தருவது நம் உடலே. ஓய்வாக இருக்கும் மனித உடல் நொடிக்கு ஏறத்தாழ 100 ஜூல் வெப்பத்தை உண்டாக்குகிறது. மேட்டில் விரைந்து ஏறும்போது இது 400 ஜூலையும் தாண்டும். அவ்வெப்பம் விரைவில் வெளியேறாமல் தடுப்பதே உடையின் வேலை. அதையும் நூலிழைகள் தனியே செய்வதில்லை. இழைகளுக்கிடையே அசையாது சிறைப்பட்டிருக்கும் காற்றே பெரிதும் செய்கிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது.

உடை நனைந்தால் அக்காற்று இருந்த இடத்தில் நீர் புகுகிறது. நீரின் வெப்பங்கடத்து திறன் காற்றினுடையதைப் போல் ஏறத்தாழ 24 மடங்கு. இது முதல் இழப்பு.

இரண்டாவது இழப்பு ஆவியாதல். மண்பானையின் நீர் குளிர்வது எப்படி என்பது நாம் அறிந்ததே. நனைந்த சட்டைக்குள் இருப்பவரின் உடலும் அந்தப் பானையின் நிலையில்தான் இருக்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். உடையில் 500 கிராம் நீர் ஊறியிருந்தால், அது முழுதும் உலர 12 இலட்சம் ஜூல் தேவை. இதில் பெரும்பங்கை உடலே தர நேரிடும். ஓய்வு நிலையில் உடல் இவ்வளவு வெப்பத்தை உண்டாக்க 12,000 நொடிகள், அதாவது 3 மணி 20 நிமிடம் ஆகும்.

மூன்றாவது, காற்றின் வீச்சு. அது உடையினுள் புகுந்து, வெதுவெதுப்பான காற்றை விரட்டுகிறது; ஆவியாதலையும் விரைவுபடுத்துகிறது.

நடப்பவர் விரைந்து நடக்கும்வரை இந்த மூன்று இழப்புகளையும் ஈடுசெய்துவிடலாம். களைத்து, நடை தளரும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. வெப்ப உற்பத்தி குறைகிறது, இழப்போ குறைவதில்லை. உடலின் உள்வெப்பநிலை 37 பாகை செல்சியஸிலிருந்து 35 பாகைக்குக் கீழே இறங்கினால் அதைத் தாழ்வெப்ப நிலை என்பர். நடுக்கம், தடுமாற்றம், பேச்சுக் குழறல் ஆகியவை அதன் அறிகுறிகள். அறிவும் மங்குவதால், தாம் ஆபத்தில் இருப்பதை அவரே உணரமாட்டார். உடன் செல்வோர்தாம் கவனிக்க வேண்டும்.

சோதனை 1: மூன்று டப்பாக்கள்

ஒரே அளவுள்ள, மூடியுடன் கூடிய மூன்று தகர டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பனியன் துணியை ஒரே அளவில் வெட்டி மூன்றையும் சுற்றிக் கட்டுங்கள். முதல் டப்பாவின் துணி உலர்ந்திருக்கட்டும். மற்ற இரண்டின் துணிகளையும் நனைத்துப் பிழிந்து கட்டுங்கள். மூன்றாவதன் ஈரத்துணிமேல் பாலிதீன் தாளைச் சுற்றுங்கள். ஆசிரியர் உதவியுடன் மூன்றிலும் 60 பாகை வெந்நீரைச் சம அளவில் ஊற்றி மூடுங்கள். மின்விசிறியின் எதிரே வைத்து, 5 நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள்.

இரண்டாவது டப்பா மிக விரைவில் குளிரும். மூன்றாவதிலும் துணி ஈரமே. ஆயினும் காற்றும் ஆவியாதலும் தடுக்கப்படுவதால் அது மெதுவாகவே குளிரும். மலையில் நனைந்துவிட்டவருக்கு மாற்றுடை இல்லாதபோது, காற்றுப் புகாத உறை ஒன்றேனும் ஏன் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

சோதனை 2: மூன்றாவது துளி

மழைக்கோட்டுத் துணியைச் சோதிக்க ஆய்வுக்கூடங்களில் ஒரு முறை உண்டு. துணியின் ஒரு பக்கத்தில் நீரின் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துவார்கள். மறுபக்கத்தில் மூன்றாவது இடத்தில் நீர் கசிந்ததும், அப்போதைய நீர்மட்டத்தின் உயரத்தைக் குறித்துக்கொள்வார்கள். இதை நாமும் செய்யலாம். அடிப்பகுதி வெட்டிய நீண்ட பிளாஸ்டிக் பாட்டிலின் வாயில் குடைத்துணியை இறுகக் கட்டித் தலைகீழாகப் பிடியுங்கள். மெல்ல நீர் ஊற்றி, மூன்றாவது துளி வரும்போது நீர்மட்டத்தை அளவுகோலால் அளங்கள். பிறகு சட்டைத்துணியைக் கட்டிச் செய்யுங்கள்.

துளைகள் உள்ள துணி நீரை எப்படித் தடுக்கிறது? நீரை ஒட்டவிடாத துணியில், ஒவ்வொரு துளையின் வாயிலும் நீரின் பரப்பு இழுவிசை ஒரு தோல்போல் நின்று தாங்குகிறது. துளை சிறிதாகச் சிறிதாகத் தாங்கும் உயரம் கூடும். 0.1 மில்லிமீட்டர் துளை அதிக அளவாக ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் நீரைத் தாங்கும், 0.01 மில்லிமீட்டர் துளை அதைப்போல் 10 மடங்கு தாங்கும்.

இப்போது நீரில் சிறிது சோப்புத்தூளைக் கரைத்து, அதே குடைத்துணியை மீண்டும் சோதியுங்கள். சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் கசிவு முன்னரே தொடங்கும். மழைக்கோட்டைத் துவைத்தபின் சோப்புப் போக நன்றாக அலச வேண்டும் என்பது இதனால்தான்.

உள்ளிருந்து வரும் ஈரம்

1823இல் சார்லஸ் மக்கின்டாஷ் இரு துணிகளுக்கிடையே இரப்பர்க் கரைசலைப் பூசி மழைக்கோட்டுத் துணி செய்வதற்குக் காப்புரிமை பெற்றார். மழை உள்ளே வரவில்லை. ஆனால் வியர்வையும் வெளியே போகவில்லை! மலை ஏறுபவர் உள்ளிருந்தே நனைந்தார். 1969இல் அமெரிக்காவில் ராபர்ட் கோர், ஒட்டாத சமையல் பாத்திரங்களில் பூசப்படும் டெஃப்ளான் வகைப் பொருளை வேகமாக இழுத்து நுண்துளைப் படலமாக்கினார். அத்துளைகளில் நீர்த்துளி புகாது, நீராவி புகும்.

மழையில் வெளிக்காற்றின் ஈரப்பதம் 100 விழுக்காடாக இருக்கும்போது நீராவி எப்படி வெளியேறும் என்று கேட்கலாம். 5 பாகையில் தெவிட்டிய காற்றின் ஆவியழுத்தம் 6.5 மில்லிமீட்டர் பாதரசம். 33 பாகையுள்ள ஈரத் தோலின் அருகே அது ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். இந்த வேறுபாடே ஆவியை வெளியே தள்ளுகிறது. ஆனால் கோட்டின் மேல்துணி நீரில் ஊறிப்போனால் ஆவி செல்வது தடைப்படும். உள்ளே அது துளிகளாகப் படியும்.

ஆகவே குளிர்மழையில் மலைக்குச் செல்வோர் நினைவிற்கொள்ள வேண்டியவை: தோலை ஒட்டிப் பருத்தி பனியன் வேண்டாம், அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளியோ பாலியெஸ்டரோ நல்லது. மேலே காற்றும் மழையும் புகாத கோட்டு வேண்டும். வியர்க்கும் முன்பே நடையைத் தளர்த்துங்கள் அல்லது ஓர் உடையைக் கழற்றுங்கள். உலர்ந்த மாற்றுடையைப் பாலிதீன் பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். உடன் வருபவர் தடுமாறினால் பயணத்தை அங்கேயே நிறுத்தி, காற்றுப்படாத இடத்தில் உலர்ந்த உடை அணிவித்து, உதவிக்கு ஆள் அனுப்புங்கள். உச்சியை மற்றொரு நாள் காணலாம்.

சிந்திக்க

1. முதுகுப்பையின் பட்டை அழுத்தும் தோள்பகுதியில் கோட்டு முதலில் கசிவது ஏன்?

2. நனைந்த உடையில் 200 கிராம் நீர் ஒரு மணி நேரத்தில் உலர்ந்தால், நொடிக்கு எத்தனை ஜூல் வெப்பம் செலவாகும்? ஓய்வு நிலையில் உடல் உண்டாக்கும் வெப்பத்துடன் ஒப்பிடுக.

3. சோதனை 1இல் மின்விசிறியை நிறுத்திவிட்டால் எந்த டப்பாவின் வரைபடம் மிகுதியாக மாறும்? முதலில் ஊகித்து எழுதுங்கள். பிறகு செய்து பாருங்கள்.